மஞ்சள் நூல் கட்டிய சேவல்

சேவல் கூட்டுக்குள் போக மறுத்துவிட்டது.

நல்லரத்தினம் வாத்தியார் ஒரு கையில் குடையும் மறுகையில் வேட்டித் தலைப்புமாகப் பூவரச மரத்தடியில் நின்று அதனை மறுபடியும் வேண்டிக்கொண்டார்.

"உள்ளுக்குப் போங்க. மழை வரப்போகுது. தயவுசெய்து போங்க."

சேவல் தலையைச் சரித்து அவரை ஒரு கண்ணால் பார்த்தது. பிறகு மறுபுறம் சரித்து மற்றக் கண்ணாலும் பார்த்தது. இரண்டு கண்களாலும் பார்த்த பின்னும் அதற்கு அவர்மீது மதிப்பு உண்டானதாகத் தெரியவில்லை.

அடுத்த வளவில் உரலில் மா இடித்துக்கொண்டிருந்த சீதேவி, இடிப்பதை நிறுத்திவிட்டு வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். அவள் வாத்தியாருடைய மனைவிக்குப் பெரியம்மா மகள். ஆகவே அவருக்கு மச்சாள் முறை. அந்த முறைக்குரிய கேலியில் அவள் ஒருநாளும் குறை வைத்ததில்லை.

"ஆரோட மச்சான் கதைக்கிறீங்க? இன்ஸ்பெக்டர் துரையா வந்திருக்கார்?"

"இல்லை மச்சாள். சேவலோடதான்."

"சேவலுக்கா இந்த மரியாதை? என்ட மனிசன் எனக்கு ஒருநாளும் 'போங்க' எண்டு சொன்னதில்லை."

"இது பேச்சியம்மனுக்கு நேர்ந்த சேவல் அல்லவா? ஒருமையில் கூப்பிட மனம் வருகுதில்லை."

அதைக் கேட்டதும் சீதேவியின் முகத்தில் ஒரு சிரிப்பு எழுந்தது. அவள் அதை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு மறுபடியும் உலக்கையைத் தூக்கினாள். அந்தச் செஞ்சேவலின் வலது காலில் கட்டியிருந்த மஞ்சள் நூல், இருண்டு வந்த அந்த ஐப்பசி வெளிச்சத்திலும் பளிச்சென்று தெரிந்தது.

அந்த நூலைக் காணும்போதெல்லாம் நல்லரத்தினத்துக்கு ஆசுபத்திரி நினைவு வந்தது. அவருடைய மனைவி இராசாத்தி தலைப்பிரசவத்துக்காக மட்டக்களப்பு ஆசுபத்திரியில் இருந்தாள். மாமியார் ஆச்சிப்பிள்ளை, சீதேவிக்குச் சின்னம்மா, துணைக்குப் போயிருந்தார். ஏறாவூரைத் தாண்டிச் செங்கலடிக்குப் போகும் வழியில், வாவிக்கரையில் இருந்த அந்த வீட்டில் இப்போது வாத்தியாரும் கோழிகளும் மட்டுமே.

வீடு இராசாத்திக்குச் சீதனமாக வந்தது. அந்தப் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்ணுடையது. மாப்பிள்ளை அதில் மரியாதைக்குரியவராக வந்து தங்குபவர். நல்லரத்தினம் அந்த மரியாதையை முழு மனதோடு ஏற்றுக்கொண்டவர். பிறர் வார்க்கும் தண்ணீரில் கால் கழுவுவார். விரித்த பாயில் உட்காருவார். படைத்ததை உண்டு, பத்திரிகை படித்து, பாடசாலைக்குப் போய்வருவார். அடுப்பு வீட்டின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதை அவர் வாசனையைக் கொண்டே அறிந்திருந்தார்.

மாமியார் மருமகனோடு முகம் பார்த்துப் பேசுவதும் அந்த வீட்டில் வழக்கமில்லை. மருமகனுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் ஆச்சிப்பிள்ளை, குசினிக் கதவோரத்தில் சாத்தி வைத்திருந்த உலக்கையிடம் சொல்லுவார். மருமகனும் தம் மறுமொழியை உலக்கைக்கே சொல்லுவார். இந்த ஏற்பாட்டில் இரு தரப்புக்கும் இதுவரை மனத்தாங்கல் ஏற்பட்டதில்லை.

ஆசுபத்திரிக்குப் புறப்பட்ட அன்றும் ஆச்சிப்பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்று, "உலக்கே, நான் போட்டு வாறன். கோழியளைப் பார்த்துக்கொள். அந்த நூல் கட்டின சேவலுக்கு மட்டும் ஒண்டும் வரப்படா. நேத்தி நிறைவேறும் மட்டும் அது உசிரோட இருக்க வேணும்" என்றார்.

"அப்படியே ஆகட்டும்" என்று நல்லரத்தினம் உலக்கைக்கு வாக்குக் கொடுத்தார்.

என்ன நேர்த்தி என்று அவர் கேட்கவில்லை. உலக்கையிடம் கேள்வி கேட்பது முறையாகாது. மேலும், கேட்க வேண்டிய அவசியம் என்ன? பேச்சியம்மன் பிள்ளைப்பேற்றுக்குக் காவல் என்பது ஊரறிந்தது. கலியாணம் முடிந்த மறுமாதமே அந்தச் சேவலின் காலில் நூல் ஏறிவிட்டது. வரப்போகும் பேரப்பிள்ளைக்காக அவ்வளவு முன்கூட்டியே நேர்ந்துவைத்த மாமியாரின் தூரதிருஷ்டியை நல்லரத்தினம் பலமுறை மனத்துக்குள் மெச்சியிருக்கிறார்.

பாடசாலையில் மூடநம்பிக்கையின் தீமைகளைப் பற்றி நன்றாகப் பாடம் நடத்துபவர்தான் அவர். ஆனால் இராசாத்தி போகும்போது வண்டிக்குள்ளிருந்து திரும்பிப் பார்த்த பார்வை அவர் கண்ணுக்குள்ளேயே நின்றது. இந்தச் சேவலுக்கு ஏதேனும் நேர்ந்து, அதனால் அவளுக்கு ஏதேனும் நேர்ந்துவிட்டால், பாடப்புத்தகமா வந்து பதில் சொல்லும்?

அப்போது வாவிப் பக்கமிருந்து காற்று வந்தது.

அது வழக்கமான காற்றன்று. குளத்து நீரை வாரி முகத்தில் வீசியதுபோலக் குளிர்ந்தது. கோழிக்கூட்டின் கிடுகுக் கூரை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. உள்ளே இருந்த கோழிகள் ஒரே குரலில் முறையிட்டன. நூல் கட்டிய சேவலும் அச்சத்தால் தானாகவே கூட்டுக்குள் பாய்ந்துவிட்டது.

"நல்லதாய்ப் போயிற்று" என்றார் நல்லரத்தினம். கூரை முழுதும் பறந்துவிடாமல் இருக்கக் குடையை விரித்துக் கூட்டின் மேல் வைத்து, அதன் காம்பைக் கூட்டின் காலோடு தம் சால்வையால் இறுகக் கட்டினார்.

விரித்த குடை காற்றை ஏந்திக்கொண்டது. குடை மட்டும் பறந்திருந்தால் ஒரு குடையோடு போயிருக்கும். வாத்தியாருடைய முடிச்சு நல்ல முடிச்சாக இருந்தபடியால் கூடும் சேர்ந்து கிளம்பியது. வேலி வரைக்கும் உருண்டுபோய்க் குப்புற விழுந்து வாய் பிளந்தது. கோழிகள் நாலு திசையிலும் சிதறின.

"மச்சான்," என்று சீதேவி கூப்பிட்டாள், "கூட்டைப் பட்டம் விடுறீங்களா?"

அவர் மறுமொழி சொல்லும் முன் ஏதோ ஒன்று அவர் தலையில் நறுக்கென்று விழுந்தது. பிறகு தோளில் ஒன்று. பிறகு முற்றமெங்கும் சடசடவென்று வெள்ளைக் கற்கள். சுண்டங்காய் அளவில் சில, பாக்கு அளவில் சில. நல்லரத்தினம் புவியியற் பாடத்தில் மட்டும் கண்டிருந்த ஆலங்கட்டி மழை, அவர் வளவுக்கே வந்து கொட்டிக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் மணல் முற்றம் உப்பளம்போல் வெளுத்துப்போயிற்று.

"என்ன இது? வானத்தில இருந்து ஆரு கல்லெறியிற?" என்று சீதேவி தாழ்வாரத்துக்கு ஓடினாள்.

"பயப்படாதீங்க. இது உறைந்த நீர். மேலே குளிர்ச்சி அதிகமாகும்போது..."

விளக்கம் முடியவில்லை. கோழிகள் அந்த ஆலங்கட்டியை அரிசியென்று எண்ணிவிட்டன. கல் விழ விழ, அவை மறைவிடங்களை விட்டு முற்றத்துக்கு ஓடிவந்து கொத்தத் தொடங்கின. முதுகில் அடி விழும், கத்தும், மறுபடியும் கொத்தும். நூல் கட்டிய சேவல் எல்லாவற்றுக்கும் நடுவில் நின்று, பேடுகளை விருந்துக்கு அழைத்துக்கொண்டிருந்தது.

"ஐயா, அது சாப்பாடு இல்லை! உள்ளே வாங்க!"

அவர் வீட்டுக்குள் ஓடிக் கையில் அகப்பட்ட சுளகை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தார். ஒரு கோழியைத் துரத்தினால் மூன்று கோழிகள் எதிர்த்திசையில் ஓடின.

"மச்சாள், சற்று வந்து ஒரு கை உதவி செய்வீங்களா?"

"எனக்கு வலக்கை உளைவு மச்சான். தூக்கவே ஏலாது" என்றாள் சீதேவி, சற்று முன்பு வரை உலக்கை பிடித்த கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. "நெல்லைப் போட்டு, 'பா, பா' எண்டு கூப்பிடுங்க. வரும்."

வீட்டுக்குள் நெல் எங்கே இருக்கும் என்று அவர் தேடினார். மூலையில் வாய் கட்டிய பெரிய சாடி ஒன்று இருந்தது. அதன் கட்டை அவிழ்த்து, இரண்டு கையாலும் அள்ளி, வாசலிலிருந்து கூடம் வரைக்கும் தாராளமாக இறைத்து, "பா, பா, பா" என்று அழைத்தார். பாடசாலையில் பெயர் கூப்பிடும் குரலே அதிலும் இருந்தது. ஆயினும் கோழிகள் வந்தன. திரள்திரளாக வந்தன.

"எந்தச் சாடி மச்சான்?" என்று சீதேவி கேட்டாள்.

"மூலையில், துணியால் வாய் கட்டினது."

"அது வட்டை வயலுக்கு விதைக்க எடுத்துவைச்ச விதைநெல்."

நல்லரத்தினம் கையில் எஞ்சியிருந்த நெல்லைப் பார்த்தார். அதைத் திரும்பச் சாடிக்குள் போட எண்ணிக் கையை நீட்டியபோது, ஒரு பேடு அதையும் கொத்திக்கொண்டு போய்விட்டது.

கதவைச் சாத்திய பிறகுதான் வந்தவை எல்லாம் வீட்டுக் கோழிகள் அல்ல என்பது தெரிந்தது. நல்ல விதைநெல்லின் புகழ் வேலி தாண்டிப் போயிருந்தது. பின்வளவில் இருந்த உசனாருடைய கோழிகளும் குடும்பத்தோடு வந்திருந்தன. எல்லாம் நனைந்து, ஒடுங்கி, நடுங்கின. ஆலங்கட்டி ஓய்ந்துவிட்டது, ஆனால் குளிர்காற்றும் மழையும் ஓயவில்லை.

குளிருக்குத் தீ மூட்ட வேண்டும் என்று முடிவு செய்தார். வாசனையின் துணையில்லாமலே அடுப்பைக் கண்டுபிடித்தார். ஈர விறகை அடுக்கி, பழைய பத்திரிகையைத் திணித்து, நெருப்புப் பெட்டியில் பாதியைத் தீர்த்தார். கடைசியில் தீ வந்ததோ இல்லையோ, புகை வந்தது. வீடு முழுவதும் வந்தது. கோழிகள் புகைக்கு அஞ்சி மேலே பறந்தன. கட்டிலில் சில, பரணில் சில, கொடியில் தொங்கிய அவருடைய வெள்ளைக் கோட்டில் ஒன்று. குசினி மூலையில் கடகத்துக்குள் இருந்த புள்ளிப்பேடு மட்டும் எதையும் சட்டை செய்யாமல் அமைதியாக இருந்தது. "நல்லொழுக்கமுள்ள கோழி" என்று நல்லரத்தினம் இருமிக்கொண்டே பாராட்டினார்.

ஊதி ஊதி ஒருவாறு தணல் பிடித்ததும், முதலில் நேர்த்திச் சேவலைத் துடைத்துவிட வேண்டும் என்று எண்ணித் துவாயோடு தேடினார். செஞ்சேவல் ஒன்று கட்டிலின் கீழ் இருந்தது. அதைப் பிடித்துக் காலைப் பார்த்தார். நூல் இல்லை.

சாடியின் பின்னால் இன்னொரு செஞ்சேவல். அதன் காலிலும் நூல் இல்லை.

கதவோரத்தில், உலக்கையின் நிழலில், மூன்றாவது செஞ்சேவல். வலக்காலைப் பார்த்தார். இடக்காலைப் பார்த்தார். ஒரு நம்பிக்கையில் கழுத்தையும் பார்த்தார். நூல் இல்லை.

மூன்றும் ஒரு தாயின் குஞ்சுகள். ஒன்றை ஆச்சிப்பிள்ளை குஞ்சாக இருக்கும்போதே உசனார் வீட்டுக்குக் கொடுத்திருந்தார். நனைந்து நிற்கையில் அவற்றைப் பெற்ற கோழியே பிரித்தறியாது. நனைந்த நூல் அவிழ்ந்து விழ, புழுவென்று எண்ணி ஏதோ ஒரு பேடு விழுங்கியிருக்க வேண்டும்.

நல்லரத்தினம் நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். ஆசுபத்திரியில் இராசாத்தி இப்போது எந்த நிலையில் இருக்கிறாளோ. தெருவெங்கும் மரம் விழுந்திருக்கும். போய்ப் பார்க்கவும் வழியில்லை. அவளுக்காகத் தம்மால் செய்யக்கூடியதாக இருந்தது ஒரே ஒரு காரியம், ஒரு சேவலைக் காப்பாற்றுவது. அதையும் தொலைத்துவிட்டார். அதுவும் வீட்டுக்குள்ளேயே வைத்துத் தொலைத்துவிட்டார்.

சிறிது நேரத்தில் அவருக்கு ஓர் உபாயம் தோன்றியது. வேலிக்குப் போனார்.

"மச்சாள், கொஞ்சம் மஞ்சள் அரைத்துத் தருவீங்களா?"

"மஞ்சள் தாறன். அரைக்க என்ட கை எங்க? அம்மி உங்கட குசினியிலதான் கிடக்கு." அவள் ஒரு மஞ்சள் துண்டை நீட்டினாள். பிறகு, "முதல்ல தட்டி உடைச்சுப்போட்டுத் தண்ணி தெளிச்சு அரைங்க" என்று மிகுந்த கரிசனையோடு சேர்த்துக்கொண்டாள்.

நல்லரத்தினம் வாழ்க்கையில் முதன்முதலாக அம்மியின் முன் அமர்ந்தார். மஞ்சளும் அரைபட்டது, விரலும் சிறிது அரைபட்டது. நூலைத் தோய்த்து மூன்று துண்டாக்கி மூன்று சேவலின் காலிலும் கட்டினார். பிறகு கோயில் இருந்த திக்கை நோக்கிக் கைகூப்பி, வாய்விட்டுச் சொன்னார்:

"தாயே, இதில் எது உன்னுடையதென்று எனக்குத் தெரியவில்லை. மூன்றையும் நீயே எடுத்துக்கொள். என்ட இராசாத்தியையும் பிள்ளையையும் மட்டும் தந்துவிடு."

"என்ன வாத்தியார், தனிய இரிந்து கதைக்கிறீங்க?"

சாக்கைத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு உசனார் வாசலில் நின்றார். அவர் ஏறாவூர்ச் சந்தையில் சீலை வியாபாரம் செய்பவர், பின்வளவுக்காரர், சாந்தமானவர். வாத்தியார் அவரை அண்ணன் என்ற பொருளில் 'காக்கா' என்றே அழைப்பார்.

"வாங்க காக்கா. இருங்க." இருப்பதற்கு இடம் இல்லாதபடியால் அவர் கதிரையிலிருந்த இரண்டு கோழிகளை எழுப்பினார்.

"இரிக்க நேரமில்ல வாத்தியார். நாளைக்கு மகள் ஹிதாயாவப் பார்க்கக் காத்தான்குடியில இருந்து மாப்பிள்ள வீட்டார் வாறாங்க. கறிக்கு வெச்ச சேவலக் காணல்ல. இஞ்ச வந்திரிக்கா எண்டு பார்க்க வந்த." அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு புகைக்குள் பார்த்தார். "அந்தா நிக்கிது."

"எது காக்கா?"

"அதுதான். இல்ல, அது." உசனார் சற்று யோசித்தார். "மூண்டில ஒண்டு."

"அதுதான் காக்கா எனக்கும் உள்ள இடைஞ்சல்."

நல்லரத்தினம் நடந்ததை விவரித்தார். உசனார் தாடியைத் தடவிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப விடிய மட்டும் இரிக்கட்டும். என்ட சேவலுக்குத் தொண்டை கட்டின சத்தம். கூவினா நான் அங்கிரிந்தே சொல்லுவேன். நூல அவுத்துப்போட்டுத் தாங்க."

"அதில் ஒரு சிக்கல், காக்கா. அம்மாளிடம் வாயால் சொல்லிவிட்டேன், மூன்றும் உனக்கென்று."

"வாயாலயா?"

"ஓம். சத்தமாய்."

உசனார் நீண்ட பெருமூச்சு விட்டார். "என்ன வேலை பார்த்தீங்க வாத்தியார். கோயிலுக்கு எண்டு வாயால சொல்லிப்போட்ட உசிர நான் என்னெண்டு அறுக்கிற? உங்களுக்கும் ஆகா, எங்களுக்கும் ஆகா. வாற சம்பந்தகாரருக்கு நான் பருப்பையா வைக்கிற?"

நல்லரத்தினத்துக்கு வெட்கமாகப் போயிற்று. ஒரு குமர்ப்பிள்ளையின் காரியம். "பொறுங்க காக்கா. சேவலுக்குப் பதிலாக ஒரு பேடு தருகிறேன்" என்று எழுந்தார். கட்டிலில் இருந்தவை ஓடின. பரணில் இருந்தவை பறந்தன. ஓடாமல் பறக்காமல் இருந்தது கடகத்துப் புள்ளிப்பேடு ஒன்றுதான். அது கையில் ஒரு கொத்துக் கொத்தியது; அதற்கு மேல் எதிர்ப்பு ஒன்றுமில்லை. அந்தப் புகையில் உசனாரும் என்ன கோழி என்று பார்க்கவில்லை. சாக்குக்குள் வாங்கிக்கொண்டு மழைக்குள் போய்விட்டார்.

அவர் போன பிறகு நல்லரத்தினம் கடகத்தைத் தூக்கி ஓரமாக வைக்கப் போனார். உள்ளே வைக்கோலில் முட்டைகள் இருந்தன. தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தன. அந்தப் பேட்டின் நல்லொழுக்கத்துக்குக் காரணம் அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

கூப்பிட்டுப் பார்த்தார், உசனார் மழைக்குள் மறைந்திருந்தார். முட்டைகளோ கைக்குள்ளேயே சூடு ஆறிக்கொண்டிருந்தன. ஒரு தாய் பிரசவத்துக்குப் போயிருக்கும் வீட்டில், ஒரு கூட்டுக் குஞ்சுகளைத் தம் கையால் சாகவிடுவதா? அவர் கொடியில் கிடந்த பழைய சேலை ஒன்றை எடுத்தார். ஏணை கட்டும் விதத்தை எப்போதோ பாயில் படுத்தபடி பார்த்திருந்தார். அதை ஒருவாறு நினைவுகூர்ந்து கூரை வளையில் கட்டி, வைக்கோலைப் பரப்பி, முட்டைகளை வைத்து, கோட்டினால் போர்த்தினார். கீழே சற்றுத் தள்ளித் தணற்சட்டியை வைத்தார். ஒரு பக்கம் மட்டும் சூடேறாதபடி மெல்ல ஆட்டத் தொடங்கினார். ஆட்டுவதும் தணலை ஊதுவதும் முட்டையைப் புரட்டுவதுமாகவே அவருக்குப் பொழுது விடிந்தது. நடுநடுவே, "பயப்படாதீங்க" என்று சொல்லிக்கொண்டார். அது முட்டைகளுக்குச் சொன்னதா, வாவிக்கு அந்தப் பக்கத்தில் இருந்தவளுக்குச் சொன்னதா என்பது அவருக்கே தெரியவில்லை.

காலையில் வெயில் எறித்தது. மூன்று சேவல்களும் வாய் திறக்கவில்லை. முந்திய நாளின் அனுபவத்துக்குப் பிறகு அவை விடியலையும் நம்பவில்லை போலும்.

முதலில் வந்தவர் உசனார். சாக்கைக் கவனமாக இறக்கினார்.

"இந்தாங்க உங்கட பேடு. அடைக்கோழியத் தந்திரிக்கீங்களே வாத்தியார். விடிய அறுக்கத் தூக்கின, புள்ளத்தாச்சி மாதிரி என்ட முகத்தப் பார்க்கிது. எனக்கு மனசு வரல்ல. தெருவெல்லாம் மரம் விழுந்து கிடக்காம். மாப்பிள்ள வீட்டாரும் இண்டைக்கு வரமாட்டாங்க எண்டு ஆள் வந்து சொல்லிட்டுப் போகுது. அல்லாஹ் காப்பாத்தின."

நல்லரத்தினம் நன்றி சொல்ல வாயெடுத்தார். அப்போது ஏணைக்குள்ளிருந்து "கீச்" என்று ஒரு சிறு சத்தம் வந்தது. இருவரும் குனிந்து பார்த்தார்கள். ஒரு முட்டை வாய் திறந்து, உள்ளே ஈரமாக ஓர் அலகு அசைந்தது.

"இது சேவலாப் பிறந்தா எனக்கு" என்றார் உசனார் உடனே. "என்ட பழையது உங்கட அம்மாளிட்டயே நிக்கட்டும்."

"ஆகட்டும் காக்கா. நானே வளர்த்துத் தருகிறேன்."

வாவிக்கரையிலிருந்து பேச்சுக்குரல் கேட்டது. தெருவழி அடைபட்டபடியால் ஆச்சிப்பிள்ளை தோணியில் வந்து இறங்கியிருந்தார். சீதேவி அவர் கைப்பையை வாங்கிக்கொண்டு முன்னால் வந்தாள். உளைவெடுத்த வலக்கையால்தான் அதைத் தூக்கியிருந்தாள்.

ஆச்சிப்பிள்ளை வேலியோரத்தில் வாய் பிளந்து கிடந்த கூட்டைப் பார்த்தார். அதன் காலில் சால்வையால் கட்டுண்டு நின்ற குடையின் கம்பிகளைப் பார்த்தார். வாசலில் சிதறிய விதைநெல்லைப் பார்த்தார். கூடத்துக்குள் காலடி வைத்து, கட்டிலில் கோழிகளையும், கரிபிடித்த சுவரையும், மேலெல்லாம் சாம்பலும் கையெல்லாம் மஞ்சளுமாக முட்டைக்கு ஏணை ஆட்டிக்கொண்டிருந்த மருமகனையும் பார்த்தார். அவர் முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு, நேரே உலக்கையிடம் போனார்.

"உலக்கே, பொம்புளைப் புள்ள. தாயும் சுகம், புள்ளையும் சுகம்."

நல்லரத்தினம் வளையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணில் புகை பட்டிருந்தது. ஆயினும் இது புகையால் வந்த நீரன்று. உசனார், "அல்ஹம்துலில்லாஹ். வீட்டுக்கு அடுத்த சொந்தக்காரி வந்திட்டா" என்றார்.

நெஞ்சு சற்று அடங்கியதும், குற்றத்தை மறைப்பது அழகல்ல என்று எண்ணி, நல்லரத்தினம் உலக்கையை நோக்கிக் கைகட்டினார்.

"எல்லாம் என்னுடைய பிழை. கூட்டை நான்தான் உடைத்தேன். விதைநெல்லை நான்தான் இறைத்தேன்."

ஆச்சிப்பிள்ளை உலக்கையிடம் கேட்டார்: "அடுப்பை ஆர் மூட்டின?"

"நான்தான்."

"மஞ்சள் ஆர் அரைச்ச?"

"அதுவும் நான்தான். சரியாக அரைபடவில்லை. மன்னிக்க வேண்டும்."

"முட்டையை ஆர் அடைகாத்த?"

"நானேதான்."

ஆச்சிப்பிள்ளையின் தோள் குலுங்கியது. கோபமென்று நினைத்து நல்லரத்தினம் ஓரடி பின்வாங்கினார். ஆனால் அந்த அம்மாள் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, "பேச்சித் தாயே, கண் திறந்திட்டாய்" என்று கோயில் திக்கை நோக்கிக் கும்பிட்டார். பிறகு மூன்று சேவல்களையும் ஒரு பார்வை பார்த்து, தயங்காமல் ஒன்றை எட்டிப் பிடித்துச் சீதேவியின் கையில் கொடுத்தார்.

"இண்டைக்கே கொண்டுபோய் விட வேணும் புள்ள. சொன்ன நேத்தியைச் சுணக்கப்படா."

நல்லரத்தினத்துக்கு உள்ளம் நிறைந்தது. தொலைந்தது என்று எண்ணிய சேவல் கிடைத்தது, மனைவி பிழைத்தாள், மகள் பிறந்தாள், மாமியாரும் ஏசவில்லை. அவர் சீதேவியைப் பார்த்து நிம்மதியோடு சொன்னார்:

"கொடுக்கத்தானே வேணும் மச்சாள். பிரசவம் நல்லபடியாக முடிந்து, நேர்த்தி நிறைவேறிவிட்டதல்லவா?"

சீதேவி சேவலை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"பிரசவத்துக்குச் சின்னம்மா நேந்தது தேங்காய், மச்சான். சேவலை நேந்தது, இந்த வீட்டு மாப்பிள்ளை ஒருநாளைக்காவது கையை நனைச்சு ஒரு வேலை செய்ய வேணும் எண்டு."